ஃபெர்ன்லி அம்மாவின் வாசல்

ஜூலை 12, வெள்ளி

மழை நாலு அங்குலம். காலை ஆறு மணிக்குப் புல்தரையில் இருக்கும் மழைமானியைப் பார்த்துக் குறித்துவைப்பது நான் இந்த ஹோட்டலில் சேர்ந்த நாளிலிருந்து என் வேலை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் விட்டதில்லை.

மதியம் இரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து முனைவர் பொற்கொடி வந்து சேர்ந்தார். நாற்பது வயது மதிக்கலாம். மலைப்பாதையில் மூன்று தடவை காரை நிறுத்தி வாந்தி எடுத்ததாக டிரைவர் சொன்னார். பாரம்பரியக் கட்டடங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்காக எங்களைப் பார்த்து அறிக்கை எழுத வந்திருக்கிறார். ஆனைமட்டம் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனுவுக்குக் கிடைத்த பலன் இது. பட்டியலில் ஏறிவிட்டால் ஃபெர்ன்லி ஹோட்டலை யாரும் இடிக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த வருஷம் இதே இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ரிசார்ட் நிற்கும். கோவையில் இருக்கும் முதலாளி இதை என்னிடம் மறைக்கவில்லை. "எது நடந்தாலும் நமக்குச் சரிதானுங்க சவரிராயன்" என்றார். நமக்கு என்றது அவரைத்தான். மேனேஜரான என்னையும் சேர்த்து இங்கே வேலை செய்யும் பதினெட்டுப் பேருக்கு அப்படியில்லை.

மேடத்துக்கு ஏழாம் அறையைக் கொடுத்தேன். அது ஃபெர்ன்லி அம்மாவின் அறை. டீ வரவழைத்துவிட்டு, வழக்கமாக விருந்தினர்களுக்குச் சொல்வதை அவருக்கும் சொன்னேன். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் காபி பயிரிட வந்த ஃபெர்ன்லி துரை கட்டிய பங்களா இது. இலைநோயில் காபி அழிந்தது. காய்ச்சலில் துரையும் போனார். அவர் மனைவி எலிசா பங்களாவை ஹோட்டலாக்கினார். அதற்குள் மலை முழுக்கத் தேயிலை ஏறிவிட்டது. கீழே வானம் பார்த்த சீமையிலிருந்து கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கூட்டிவந்து லயங்கள் என்ற வரிசை வீடுகளில் அடைத்தார்கள். தொண்ணூற்று நாலில் காலரா. நோய் கண்டவர்களை எஸ்டேட்காரர்கள் வெளியே தள்ளினார்கள். அவர்கள் மழையில் நனைந்துகொண்டு இந்த வாசலுக்கு வந்தார்கள். ஃபெர்ன்லி அம்மா இருபத்திரண்டு அறைகளையும் திறந்துவிட்டார். தன் கையால் கஞ்சி ஊட்டினார். கடைசியில் நோய் தொற்றி ஏழாம் அறையில் இறந்தார்.

இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை கம்மும். மேடம் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு ஆதாரம் என்ன சார் இருக்கு?"

"நான் எழுதின கையேடு இருக்கு மேடம். மேசையில வெச்சிருக்கோம், எடுத்துக்கங்க."

"அது நீங்க எழுதினது. நீங்க எதைப் பார்த்து எழுதினீங்க?"

பழைய பதிவேடுகளைப் பார்த்து என்றேன். அவை கரையானில் போய்விட்டன என்றும் சொன்னேன்.

"இந்தக் குளிர்லயா கரையான்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

ஜூலை 13, சனி

மழை ஆறேகால் அங்குலம். ஏழாம் அறையில் மேற்குச் சுவர் ஓரம் ஒழுகுகிறது. வாளி வைத்தாயிற்று.

அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பவுனு, மேடத்தை விடவில்லை. படுக்கை விரிப்பு மாற்றப் போனவள் முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கதவுப் பக்கம் போனபோது தன் கொள்ளுத்தாத்தா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எட்டு வயசு மேடம் அவருக்கு. அப்பன், ஆத்தா ரெண்டு பேரும் இங்கதான் செத்தாங்க. அவர மட்டும் ஃபெர்ன்லி அம்மா பொழைக்க வெச்சுட்டாங்க. இந்தக் கட்டில்லதான் கெடந்தாராம். அவரு பொழைக்கலேன்னா நான் ஏது? எம் மக பேரு எலிசா. ஸ்கூல்ல எல்லாரும் என்னடா இது வெள்ளக்காரி பேருன்னு கேப்பாங்க. அம்மா பேருடான்னு சொல்லுவா."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊரில் இப்படி நாற்பது குடும்பமாவது இருக்கும். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வருஷா வருஷம் ஃபெர்ன்லி அம்மா நாடகம் போடுகிறார்கள். எஸ்டேட் பெண்கள் பிரசவத்துக்கு முன் இந்த வாசல்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு கையேடு இவ்வளவு செய்யும் என்று எழுதும்போது தெரியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன், ஹோட்டலை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த சமயத்தில் எழுதியது. மூடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மழை பதினொன்று. மலைப்பாதையில் பதினாலாவது வளைவு சரிந்துவிட்டது. மின்சாரம் இல்லை. சர்ச்சுக்குப் பூசைக்குப் போகவில்லை.

ஜூலை 15, திங்கள்

மழை ஒன்பதரை. கேரளப் பக்கம் இறங்கும் பாதையும் போயிற்று. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் நாங்களும் எஸ்டேட்டும். செல்போன் கோபுரம் செத்துவிட்டது. லேண்ட்லைன் மட்டும் இருமல்காரனைப் போல விட்டு விட்டுப் பேசுகிறது.

விருந்தினர்கள் மேடத்தோடு சேர்த்து ஏழு பேர். ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று காலையில் என்னிடம் சண்டைக்கு வந்தது. நான்தான் மலையைச் சரித்தேன் என்பது போல. அரிசி இரண்டு மூட்டை, உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, பருப்பு போதுமான அளவு இருக்கிறது. டீசல் நாலு நாளைக்கு வரும். ஜெனரேட்டரை மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன்.

மேடத்துக்கு வெளியே போக முடியாது என்பதால் உள்ளே சுற்றுகிறார். மாடியறை, நிலவறை, பழைய குதிரைக் கொட்டகை, எல்லா இடத்திலும் டார்ச்சோடு நிற்கிறார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். இரண்டு நாள் இருந்து, போட்டோ எடுத்து, கையேடு வாங்கிக்கொண்டு போவார்கள். போக முடியாதபடி ஒருவர் வந்து மாட்டுவது இதுதான் முதல் தடவை. சாப்பாட்டு அறை, வராண்டா, மாடிப்படி என்று எங்கே திரும்பினாலும் அவர் இருக்கிறார்.

கொட்டகையின் சுவரில் சுண்ணாம்பு ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று கேட்டார். குதிரைகளுக்காக என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

மழை பத்து.

ஹோட்டலுக்குப் பின்னால் வெள்ளைக்காரர் கல்லறைகள் பதினாறு இருக்கின்றன. ஓரத்தில் இருப்பது ஃபெர்ன்லி அம்மாவுடையது. தலைக்கல்லில் ஈ.எஃப். என்ற இரண்டு எழுத்துதான் தெரியும், மீதி பாசி. காலையில் மேடம் குடை பிடித்துக்கொண்டு அங்கே போனார். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். முழங்கால்வரை சேறு.

"சார், அந்தக் கல்லறை நீளம் நாலடிகூட இல்ல. பெரியவங்களை நாலடிக்குள்ள புதைப்பாங்களா?"

"அந்தக் காலத்துல எப்படியோ மேடம்."

"பாசியைச் சுரண்டிப் பார்த்தேன். ஈடித் ஃபெர்ன்லி. மூணு வயசு. எண்பத்தொன்பதாம் வருஷம்."

அம்மாவின் குழந்தையாக இருக்கலாம் என்றேன். அது உண்மைதான்.

"அப்போ அம்மா எங்க?"

எதிரில் ஈரோட்டுக்காரர் குழந்தைக்குப் பால் கேட்டுக்கொண்டு நின்றதால் எழுந்து போனேன். பால்பவுடர்தான் இருந்தது. அதைக் கரைத்துக் கொடுக்க நானே சமையலறைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. போனேன்.

மதியம் மேடம் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. வராண்டாவில் உட்கார்ந்து, தான் படித்ததைச் சொன்னார். இந்தத் தாலுக்காவைப் பற்றித் துரைமார்கள் எழுதியது எல்லாம் எவ்வளவு தேயிலை, எத்தனை ஏக்கர், எந்தத் துரை எத்தனை யானை சுட்டான் என்பதுதான். காலராவுக்கு ஒரே ஒரு வரி இருக்கிறதாம். அந்த வருஷம் கூலிகள் நிறையப் பேர் குறைந்ததால் கொழுந்து எடுப்பு தாமதமாயிற்று.

"ஒரு வரிதான் சார். அதனாலதான் உங்க கையேட்டைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. யாரோ ஒருத்தர் அவங்களை மனுஷங்களா எழுதியிருக்காருன்னு."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை.

என் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் இருப்பவை காலமான என் மனைவியின் புடவைகள்.

ஜூலை 17, புதன்

மழை பதிமூன்று. என் காலத்தில் இதுதான் அதிகம்.

காலை ஒன்பதுக்கு லேண்ட்லைனில் முதலாளி வந்தார். கீழே டிவியில் எல்லாம் காட்டுகிறார்களாம். "எஸ்டேட் ஆளுங்க அங்க வருவாங்க பாருங்க. ஒருக்கா உள்ள விட்டுட்டா அப்புறம் வெளிய அனுப்பமுடியாதுங்க. கெஸ்ட் இருக்காங்க. ரிசார்ட்காரங்களுக்கு நான் பதில் சொல்லோணும். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிருங்க." பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பாலம் முங்கிவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. பிறகு வரவே இல்லை.

மூன்று மணிக்கு எஸ்டேட்டின் மேல்டிவிஷன் லயத்தின் பின்னால் மண் இறங்க ஆரம்பித்ததாம். அறுபது பேர்போல இங்கே வந்தார்கள். தலையில் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போட்டுக்கொண்டு, இடுப்பில் குழந்தைகளோடு. காற்று பலமாக இருந்ததால் முன்கதவு சாத்தியிருந்தது. ஈரத்தில் தாழ்ப்பாள் இறுகிவிட்டதால் திறக்கச் சற்று நேரமாயிற்று. பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பவுனு சத்தம் கேட்டு ஓடிவந்தாள். வந்தவர்களை உள்ளே விட்டோம். சாப்பாட்டு அறையிலும் கூடத்திலும் ஜமக்காளம் விரித்தோம். பெரிய அண்டாவில் கஞ்சி வைத்தோம். விருந்தினர்களில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஈரோட்டுக்காரர் தன் அறையையே இரண்டு கிழவிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஏன் இங்கே வரத் தோன்றியது என்று மேடம் ஒரு பெண்ணிடம் கேட்டார். "வேற எங்க போறது? இது அம்மா வாசல்ல" என்றாள்.

மேஸ்திரி சுடலைமணியை மட்டும் காணவில்லை. இவர்களோடு வந்தவன், நடுவில் திரும்பிப் போனானாம். ஆட்டை அவிழ்த்துவிடப் போயிருப்பான்.

ஜூலை 18, வியாழன்

மழை ஐந்து. சுடலைமணியை, எஸ்டேட்டில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் ஷெட்டுக்குக் கீழே மண்ணிலிருந்து எடுத்தார்கள்.

ஜூலை 19, வெள்ளி

மழை இரண்டு. குறைகிறது.

சடலத்தைக் குதிரைக் கொட்டகையில் வைத்திருந்து, காலையில் எஸ்டேட் மேட்டிலேயே அடக்கம் செய்தார்கள். பாதை இல்லை, வேறு வழியில்லை. அவன் மனைவி மூக்கம்மா அழவில்லை. பவுனுதான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்றேன்.

பவுனு இப்போது ஹோட்டலையே நடத்துகிறாள். யார் எங்கே படுப்பது, எந்தக் குழந்தைக்குச் சுடுதண்ணீர், எல்லாம் அவள்தான். மேடம் அவளுக்குக் கீழே வேலை செய்கிறார். உருளைக்கிழங்கு உரிக்கிறார், விறகு தூக்குகிறார். மதியம் கூடத்தின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முன்கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே இறக்கினார்.

"சார், ஈரத்துல இறுகிடுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"மரம்னா ஊதி இறுகும். இது பித்தளை."

துணியைப் பிழிந்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் கிராம நிர்வாக அலுவலர் கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடந்து வந்தார். சாவு எப்படி நடந்தது என்று எழுதிக்கொண்டார். இறந்தவர் ஏன் திரும்பிப் போனார் என்று என்னைக் கேட்டார். ஆட்டை அவிழ்க்கப் போனதாகக் கேள்வி என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 20, சனி

மழை அரை அங்குலம்.

பதினேழாம் தேதி எழுதியதைத் திருத்தவேண்டும்.

கதவைக் காற்று சாத்தவில்லை. அவர்கள் தோட்டத்து வளைவில் ஏறி வருவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கி வந்து கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். முதலாளி சொன்னது காதில் இருந்தது. கூட்டம் புகுந்து கட்டடம் பாழானால் பட்டியல் கெட்டுவிடும் என்றும் நினைத்தேன். நினைத்ததாகத்தான் ஞாபகம். உண்மையில் கை முதலில் தாழ்ப்பாளுக்குப் போயிற்று, காரணங்கள் பிறகு வந்தன.

சுடலைமணிதான் முதலில் படியேறினான். கதவுக் கண்ணாடி வழியாக என் முகம் அவனுக்குத் தெரிந்தது. "மேனேஜர் சார், புள்ளைங்க நனையுது" என்றான். பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கையைக் காட்டினேன். "பாலம் இல்லையே சார்" என்றான். எனக்கும் தெரியும். சத்தம் போடவில்லை அவன். கதவை இடிக்கவில்லை. தட்டினான், நிறுத்தினான், மறுபடி தட்டினான். மழைச் சத்தத்தில் உள்ளே இருந்த விருந்தினர்களுக்கு அது கேட்கவில்லை. கூடத்தில் பெரிய கடிகாரம் இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிஷம். மற்றவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போவதைப் பார்த்தேன். அவன் போய் ஐந்து நிமிஷத்தில் பவுனு வந்தாள். என்னை விலக்கிவிட்டு ஒரு கையால் தாழ்ப்பாளைத் தூக்கினாள். பத்து நிமிஷம் கழித்து மலை இறங்கிய சத்தம் கேட்டது.

ஆட்டுக் கதையை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டது.

இதை எழுதிவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியிலிருந்து தோல் அட்டை போட்ட நோட்டை எடுத்துக்கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தேன். எலிசா ஃபெர்ன்லியின் தினக்குறிப்பு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நிலவறை அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. மேடம் வராண்டாவில் உட்கார்ந்து படித்தார். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூலை மாதப் பக்கங்கள் எனக்கு மனப்பாடம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

மூன்று நாளாகக் கூலிகள் வாசலில் கிடக்கிறார்கள். விருந்தினர்கள் முறையிடுகிறார்கள். எல்லாக் கதவுகளையும் பூட்டிவைக்கச் சொன்னேன்.

பிறகு: சமையல்காரன் என்னைக் கேட்காமல் குதிரைக் கொட்டகையைத் திறந்து அவர்களை உள்ளே விட்டிருக்கிறான். சமையலறைக் கஞ்சியும் போயிருக்கிறது. இன்று அவனை வேலையைவிட்டு அனுப்பினேன்.

பிறகு: பதினேழு பேரை எடுத்துப்போனார்கள். சிலர் பிழைத்தார்கள் என்கிறார்கள். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

அடுத்த வருஷம் ஹோட்டலை விற்றுவிட்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நோட்டை எடுத்துப்போக மறந்துவிட்டார்.

"ஏன் சார்?" என்று மட்டும் மேடம் கேட்டார்.

"திறந்த வாசலைப் பத்தி எழுதினா ஊர் படிக்கும் மேடம். பூட்டின வாசலைப் பத்தி எழுதினா யார் இங்க வந்து தங்குவாங்க?"

"அந்தச் சமையல்காரரைப் பத்தி எழுதியிருக்கலாமே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட.

ஜூலை 21, ஞாயிறு

மழை இல்லை. வெயில் வந்தது.

பவுனுவைக் குதிரைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேடமும் நின்றார். பவுனு முழுசாகக் கேட்டாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கையில் ஒன்றுமில்லை.

"எங்கம்மா கொட்டாய்னுதான் சொல்லும்" என்றாள் கடைசியில். "எங்க தாத்தன் குருதக் கொட்டாய்ல பொழச்சவருன்னு. நான் சின்னப் புள்ளையில கேட்டதெல்லாம் அதான். அப்புறம் நீங்க புத்தகம் போட்டீங்க. ஏழாம் நம்பர் ரூமுன்னு இருந்துச்சு. படிச்சவரு எழுதியிருக்காரு, உனக்கென்ன தெரியும், நீ தப்பா சொல்றேன்னு எங்கம்மாவத் திருத்துனேன். அதுவும் சரின்னுடுச்சு. சாகறப்ப ரூமுன்னுதான் சொல்லிட்டுச் செத்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க. அந்தச் சமையல்காரரு பேரு என்ன?"

நோட்டில் பெயர் இல்லை. சமையல்காரன் என்று மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"பேரு இல்ல" என்றாள். சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "புதன்கிழம கதவச் சாத்துனது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"எனக்குத் தெரியும். தாழ்ப்பாளத் தூக்குறப்பவே தெரியும். நாலு நாளா நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." முந்தானையை இடுப்பில் செருகினாள். "மூக்கம்மாகிட்ட யாரு சொல்றது? நானா?"

நான் சொல்கிறேன் என்றேன். அவள் கஞ்சி அண்டா அடுப்பிலிருக்கிறது என்று போய்விட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

பாதையில் ஜீப் மட்டும் போகிற அளவுக்கு மண்ணை அள்ளிவிட்டார்கள். விருந்தினர்கள் போனார்கள். மேடம் நோட்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அறிக்கையில் உண்மையைத்தான் எழுதுவேன், அதற்குப் பிறகு பட்டியலில் ஏறுமா ஏறாதா என்று தெரியாது என்றார்.

"பதினெட்டுப் பேர் மேடம்" என்றேன்.

"தெரியும் சார். பவுனம்மாகிட்ட கேட்டேன். உள்ளதை எழுதுங்கன்னு சொன்னாங்க."

ஜீப் வளைவு தாண்டும்வரை நின்றேன். பதினொரு நாளாக அவர் எப்போது போவார் என்று காத்திருந்தவன். போனபிறகு ஹோட்டல் இன்னும் சிறிதாகிவிட்டது. கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் முன்கதவு தெரிகிறது.

மூக்கம்மாவிடம் இன்னும் போகவில்லை.

ஜூலை 24 முதல் 29 வரை

மழை இல்லை. மூக்கம்மாவிடம் போகவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

போனேன்.

மேல்டிவிஷன்காரர்களை மஸ்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார்கள். மூக்கம்மா வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். தாழ்ப்பாளைப் போட்டது, அவன் தட்டியது, கடிகாரம், எல்லாம். அலுவலரிடம் சொன்னதையும் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆட்டுக்காகப் போனாருன்னு எழுதியிருக்குன்னு சொன்னாங்க. யாரு சொன்னதுன்னு தெரியாமக் கெடந்தேன். எங்ககிட்ட ஆடே இல்லீங்க."

"தெரியலம்மா எனக்கு. நானா..."

"மஸ்டர் செட்டு சாவி வாங்கிக்கிட்டு வர்றேன், அதுக்குள்ள போயிரலாம், இவங்க தெறக்க மாட்டாங்க போலன்னுதான் போனாரு. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு."

எதிரில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மூக்கம்மா அவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இத்தன நாளா அவரு நேரம் முடிஞ்சுபோச்சு, மண்ணுக்குக் கண்ணில்லன்னு இருந்தேன். இப்ப நீங்க வந்து எங்கிட்ட எறக்கி வெச்சுட்டீங்க. நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். அவள் முறத்தை மறுபடி எடுத்துக் கல் பொறுக்கினாள். நான் போய்விடலாமா என்று நினைத்தபோது சொன்னாள்.

"வியாழக்கிழம பதினாறாம் நாள் காரியம். எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சு நான் ஒருத்தியா வெச்சுக்கிட்டிருக்க முடியாது."

ஜூலை 31, புதன்

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, இதை மேலே அனுப்பவேண்டும், கூப்பிட்டால் வரவேண்டும் என்றார். வருவேன் என்றேன்.

மேடம் போன் செய்தார். கொட்டகைச் சுவரைக் காட்டியும் நோட்டைக் காட்டியும் அறிக்கை கொடுத்திருக்கிறார். கூலிகளுக்காகத் திறந்துவிடப்பட்ட இடம் இந்த மலையில் வேறு எதுவும் இப்போது நிற்கவில்லை, அதனால் கொட்டகையைப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வருவார்களாம். அவர்கள் முடிவு சொல்லும்வரை எதையும் இடிக்கக்கூடாது என்று முதலாளிக்குக் கடிதம் போயிருக்கிறது.

அரைமணி கழித்து முதலாளி கூப்பிட்டார். இந்த மாதத்தோடு ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு வாரம். தங்கை மகன் தேனியில் இருக்கிறான், வரச்சொல்கிறான். போகலாம். பாதை திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது. மேலே அனுப்பிய வாக்குமூலத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் எங்கே போவது.

ஆகஸ்டு 1, வியாழன்

பந்தல் போட்டிருந்தார்கள். நூறு பேர் இருக்கும். காரியம் முடிந்து பந்திக்கு முன்னால் மூக்கம்மாவின் அண்ணன் எழுந்து, மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லணுமாம் என்றார். பவுனு பந்தல் காலுக்குப் பக்கத்தில் மகளோடு நின்றாள்.

சொன்னேன். முதலில் சுடலைமணியைப் பற்றி. பிறகு ஃபெர்ன்லி அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் வாசலைத் திறக்கவில்லை, திறந்தது பெயர் தெரியாத ஒரு சமையல்காரர், உங்கள் பாட்டன்கள் பிழைத்தது குதிரைக் கொட்டகையில், நான்தான் மாற்றி எழுதினேன். குரல் கம்மவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

ஒருவன் எழுந்து என்னை நோக்கி வந்தான். சுடலைமணியின் தம்பி என்று பிறகு தெரிந்தது. மூக்கம்மா அவன் பெயரைச் சொன்னாள். அவன் நின்றான். பிறகு பந்தலுக்கு வெளியே போனான். ஒரு கிழவி மட்டும், "அப்ப நாங்க கும்பிட்டது?" என்று கேட்டாள்.

நான் கிளம்பத் திரும்பினேன். "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் மூக்கம்மா, பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். என் இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. சோறு வந்தது, சாம்பார் வந்தது, வரிசைப்படி எல்லாம் வந்தது. ஊற்றுகிறவர்கள் இலையைப் பார்த்து ஊற்றினார்கள். கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்டேன்.